இலேசான பற்சக்கரம் எதற்கு?

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் ஏட்டிலேயே உறங்கிவிடும். சில மட்டும் எழுந்து நடந்து சென்று யாரோ ஒருவருடைய பணப்பையைத் தொட்டுவிடுகின்றன. உலோகக் கலவைகளைப் பற்றிய ஒரு கட்டுரையைச் சில மாதங்களுக்கு முன் தமிழாக்கம் செய்கையில், அலுமினியக் கலவையின் பயன்களுக்கு எடுத்துக்காட்டாக மலைச் சைக்கிளின் முன்பற்சக்கரம் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. மூலத்தில் இருந்தது எடை குறைகிறது என்ற செய்தி மட்டுமே. நானோ வாக்கியம் நிறைவாக ஒலிக்க வேண்டும் என்னும் ஆசையால், "எடை குறைதலின் வேகம் கூடும்" என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டேன். மலைப்பகுதி ஒன்றில் பணியாற்றும் கள அலுவலர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். தம் சொந்தச் சைக்கிளில் உள்ள 32 பற்கள் கொண்ட எஃகுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தாலான மிக இலேசான சக்கரம் ஒன்றை வாங்கப் போவதாகவும், அதனால் மேட்டுப்பாதையில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

அவருக்கு விடை எழுதுவதற்காக நான் படித்தவற்றையும் கணக்கிட்டவற்றையும் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் பொறியியல் அறிஞன் அல்லன். ஆயினும் இங்கு வேண்டிய கணக்கு உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு எட்டாதது அன்று.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'இலேசு' என்ற சொல் நம் மொழியில் எடைக் குறைவையும் குறிக்கும், எளிமையையும் குறிக்கும். "இலேசான வேலை" என்றால் எவரும் அதனைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே இலேசான சக்கரம் என்றவுடன், மிதிப்பதற்கும் இலேசாக இருக்கும் என்ற எண்ணம் படிப்பவர் உள்ளத்தில் தானே எழுந்துவிடுகிறது. பழைய தமிழில் 'நொய்ம்மை' என்றொரு சொல் உண்டு. எடைக் குறைவுக்கும் வலுக் குறைவுக்கும் அது ஒன்றே பெயர். பற்சக்கரத்தைப் பொறுத்தவரை அச்சொல்லை ஆண்டவர்கள் நம்மைவிட உண்மைக்கு அருகில் இருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முன்பற்சக்கரம் என்று நான் சொல்வது கிராங்குடன் பிணைந்து சங்கிலியை இழுக்கும் வளையத்தையே. பட்டறைக்காரர் அதனைச் செயின் வீல் என்பர். நம் ஊர்களில் ஓடும் சாதாரணச் சைக்கிளில் அது 44 அல்லது 48 பற்கள் கொண்ட எஃகுத் தகடு. பின்னால் 18 பற்கள் கொண்ட பிரீவீல். ஒருமுறை மாட்டினால் வண்டியின் ஆயுள் வரையில் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. மலைச் சைக்கிளின் கதை வேறு.

அச்சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த மாரின் வட்டாரம். 1970-களில் அங்குள்ள இளைஞர்கள் சிலர், தடித்த டயர்கள் பூட்டிய பழைய சைக்கிள்களைத் தமால்பயஸ் மலைச்சரிவுகளில் ஓட்டிக் கீழே இறங்கினார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரே இறக்கத்தில் பின்சக்கரக் குடத்தினுள் இருந்த பிரேக் சூடேறி, அதிலிருந்த கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடுமாதலால், ஒவ்வொரு முறையும் குடத்தைத் திறந்து புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பெயர்க் காரணம் அதுவே. அந்தப் பழைய வண்டிகள் 20 கிலோ அளவுக்குக் கனமானவை. இறங்குவதற்குக் கனம் ஒரு குறையாக இருக்கவில்லை. திரும்ப மலையேற வேண்டும் என்று எண்ணியபோதுதான் பற்சக்கரங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கெனவே சட்டங்களை உருவாக்கினார். கேரி ஃபிஷர், டாம் ரிட்சி, சார்லி கெல்லி முதலியோர் அவ்வழியில் தொடர்ந்தனர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. முன்னால் மூன்று பற்சக்கரங்களை அடுக்கும் முறை, நெடும்பயணச் சைக்கிள்களில் முன்பே வழக்கில் இருந்ததிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது.

பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலைச் சைக்கிள் என்றாலே முன்னால் மூன்று வளையங்கள் என்றிருந்தது. 22, 32, 44 என்பது பலரும் அறிந்த அமைப்பு. ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியைத் தள்ள ஒரு மாற்றி, அதற்கு ஒரு கம்பி, கைப்பிடியில் ஒரு நெம்புகோல் ஆகியவையும் உடன் இருந்தன. 2012-இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்எக்ஸ்1' என்ற தொகுதி இவையனைத்தையும் நீக்கி, முன்னால் ஒரே வளையம், பின்னால் 11 பற்சக்கரங்கள் என்று மாற்றியது. 2016-இல் பின்னால் 12 ஆயின. 2018-இல் ஜப்பானின் ஷிமானோவும் அவ்வழிக்கு வந்தது.

எண்களைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். பழைய முறையில் முன்னால் 22, பின்னால் 34 என்பது மலையேற்றத்துக்குரிய மிகத் தாழ்ந்த விகிதம், 0.65. புதிய முறையில் முன்னால் 32, பின்னால் 51, விகிதம் 0.63. அதாவது ஏற்றத்தில் ஒன்றும் இழக்கவில்லை. உயர்ந்த விகிதம் மட்டும், 44-க்கு 11 ஆக 4 என்றிருந்தது, 32-க்கு 10 ஆக 3.2 என்று குறைந்தது. மலைப்பாதையில் அதற்கு மேல் வேகம் வேண்டுவோர் சிலரே.

முன்னால் ஒரே வளையத்தை வைத்து, தள்ளும் மாற்றியையும் எடுத்துவிட்டால், மேடுபள்ளத்தில் குதிக்கும் சங்கிலி கழன்று விழாமல் எப்படி நிற்கும்? இங்கேதான் உண்மையான அறிவு வேலை செய்திருக்கிறது. சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தால், உள்தகடுகள் இணைந்த கண்ணி ஒன்று குறுகலாகவும், வெளித்தகடுகள் இணைந்த அடுத்த கண்ணி அகலமாகவும் மாறிமாறி வருவது தெரியும். பழைய சக்கரத்தில் எல்லாப் பற்களும் குறுகிய கண்ணிக்கு ஏற்றபடி ஒரே தடிமனாய் இருந்தன. புதிய சக்கரத்தில் ஒரு பல் மெல்லியது, அடுத்தது தடித்தது. தடித்த பல் அகன்ற கண்ணியை நிறைத்துக்கொள்வதால் சங்கிலி பக்கவாட்டில் அசைய இடமில்லை. பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதும் இதனால் தெளிவாகும். 31 பற்கள் இருந்தால் ஒரு சுற்று முடிந்ததும் தடித்த பல் குறுகிய கண்ணியில் முட்டும். இந்தக் கருத்தின் வித்து மிகப் பழையது. இது குறித்து அமெரிக்க நிறுவனங்கள் இரண்டுக்கிடையே நடந்த காப்புரிமை வழக்கில், 1968-இல் பதிவான சைக்கிள் பற்சக்கரக் காப்புரிமை ஒன்று முன்சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. நல்ல கருத்துகளும் தமக்குரிய காலம் வரும் வரையில் அலமாரியில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆக, சைக்கிளின் முன்பகுதியில் சில நூறு கிராம் எடை குறைந்தது உண்மை. அது குறைந்தது உறுப்புகளை நீக்கியதால். எஞ்சிய வளையத்தை இழைத்து மெலிவித்ததால் அன்று. இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள். விளம்பரங்கள் இவற்றை ஒன்றாகக் கலந்து பேசுகின்றன. என்னுடைய மொழிபெயர்ப்பும் அவ்வாறே கலந்துவிட்டது.

இனிக் கள அலுவலரின் கேள்விக்கு வருவோம். அவர் எடை 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ, பையும் கருவிகளும் 5 கிலோ. மொத்தம் 85 கிலோ என்று கொள்வோம். எஃகை விட்டு அலுமினியத்துக்கு மாறுவதால் தாராளமாகவே 100 கிராம் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை, 85 கிலோவுக்கு ஏறக்குறைய 8,34,000 ஜூல். 100 கிராமுக்கு 981 ஜூல். 850-இல் ஒரு பங்கு. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகுமானால் மிச்சமாவது 8 அல்லது 9 விநாடி. வழியில் நின்று நெற்றி வியர்வையைத் துடைக்கும் நேரம் அது. புறப்படும் முன் அரைத் தம்ளர் தண்ணீரைக் குப்பியிலிருந்து கொட்டிவிட்டாலும் இதே பயன் கிடைக்கும். ஆனால் அவ்வாறு செய்யும்படி நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

"இது சுழலும் எடை, சுழலும் எடை இருமடங்காகக் கணக்கிடப்பட வேண்டும்" என்று சிலர் மறுப்புக் கூறுவர். சக்கர விளிம்புக்கும் டயருக்கும் அது பொருந்தும். விளிம்பு, வண்டி எவ்வேகத்தில் செல்கிறதோ அவ்வேகத்திலேயே சுழல்கிறது. எனவே அதன் இயக்க ஆற்றல் இருமடங்காகிறது. முன்பற்சக்கரமோ மெதுவாகச் சுழலும் சிறிய வளையம். 32 பற்கள் கொண்ட சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் பற்களின் வேகம் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். அந்நேரத்தில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் செல்கிறது. ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்ததாகையால், சுழற்சியால் கூடுவது அறுபதில் ஒரு பங்குதான். சுழலும் எடை என்ற மந்திரம் இவ்விடத்தில் பலிக்கவில்லை. இயற்பியல் ஆசிரியர்கள் இவ்விரு சக்கரங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கணக்கிடச் சொன்னால், இயக்க ஆற்றல் பாடம் மாணவர் மனத்தில் நன்கு பதியும்.

மிச்சமானது இவ்வளவு. இதற்கு ஈடாகக் கொடுப்பது என்ன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இத்தகைய சக்கரங்களுக்கு விரும்பிக் கையாளப்படுவது 7075 என்ற எண்ணால் அறியப்படும் அலுமினியக் கலவை. துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவை சேர்ந்தது. இதன் முன்னோடியை 1936-இல் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் உருவாக்கியது. ஜீரோ என்ற போர் விமானத்தில் அது பயன்பட்டது. 1943-இல் அமெரிக்காவின் அல்கோவா அவ்வகையிலேயே 7075-ஐ வெளியிட்டது. அதனால்தான் விற்பனைக் குறிப்புகளில் 'விமானத் தரம்' என்ற அடைமொழி தவறாமல் இடம்பெறுகிறது. விமானத்தின் இறக்கையை எந்தச் சங்கிலியும் சேற்றோடு சேர்த்துத் தேய்ப்பதில்லை என்பதை அக்குறிப்புகள் சொல்வதில்லை.

அலுமினியத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எஃகின் அடர்த்தி அதைப் போல் 2.8 மடங்கு, எஃகின் விறைப்பும் அதைப் போல் 2.8 மடங்கு. எனவே எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் தகடு வளையாமல் நிற்பது அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. ஒரே எடையில் அலுமினியத் தகட்டை 2.8 மடங்கு தடிமனாகச் செய்யலாம். அது எஃகுத் தகட்டைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு விறைப்பாக நிற்கும். அலுமினியத்தின் உண்மையான வலிமை இதுவே. விமானச் சட்டங்களும் சைக்கிள் சட்டங்களும் இதனாலேயே பயன் பெற்றன.

பற்சக்கரத்தின் உடலுக்கு இது பொருந்தும், பல்லுக்குப் பொருந்தாது. பல்லின் தடிமனை முடிவு செய்வது உலோகம் அன்று, சங்கிலி. மலைச் சைக்கிளின் இன்றைய சங்கிலியில் உள்தகடுகளுக்கு இடையே உள்ள அகலம் ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர்தான். நம் சாதாரணச் சைக்கிளின் சங்கிலியில் அது 3.2 மில்லிமீட்டர். அந்தக் குறுகிய வாயிலுக்குள் நுழைய வேண்டிய பல், எஃகாயினும் அலுமினியமாயினும் அதே அளவில்தான் இருக்க முடியும். தடிமனைக் கூட்டி வலிமையை ஈடுசெய்யும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. மென்மையான உலோகம் தன் மென்மையோடு, கடினமாக்கப்பட்ட எஃகு உருளைகளின் முன் தனித்து நிற்க வேண்டியதாகிறது. மேற்பரப்பில் மின்வேதி முறையால் ஏற்றப்படும் ஆக்சைடுப் படலம் மிகக் கடினமானதே. ஆனால் அதன் கனம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான். மலைப்பாதைச் சேற்றில் உள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது எஃகையே கீறவல்லது. எண்ணெயில் ஒட்டிய அம்மணல் சாணைக்கல்லின் வேலையைச் செய்கிறது. படலம் போன இடத்தில் தேய்வு விரைகிறது.

இதனுடன் சங்கிலியின் இழுவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கின் முனையில் 65 கிலோ மனிதர் தம் முழு எடையையும் வைத்து நின்றால், 48 பற்கள் கொண்ட சக்கரத்தில் சங்கிலியின் இழுவை ஏறக்குறைய 114 கிலோ எடைக்குச் சமம். 32 பற்களில் 170 கிலோ. பழைய மூன்றடுக்கின் 22 பற்களில் 248 கிலோ. சக்கரத்தைச் சிறிதாக்கினால் எடை குறைகிறது, இழுவை கூடுகிறது. மூன்றடுக்கு முறை வழங்கிய காலத்தில், நடுத்தர விலைத் தொகுதிகளில் பெரிய வளையங்களை அலுமினியத்தால் செய்தபோதும், மிகச் சிறிய வளையத்தைப் பெரும்பாலும் எஃகால் செய்தார்கள். செய்தவர்கள் கணக்கு அறிந்தே செய்தார்கள். இன்றைய ஒற்றை வளையமோ, முன்பு மூவர் பங்கிட்டுக்கொண்ட வேலையைத் தான் ஒருவனே ஏற்றமும் இறக்கமும் சமவெளியுமாகச் செய்கிறது. அதைப் போய் மெலிவிப்பது, குடும்பத்தில் உழைப்பவன் ஒருவனேயிருக்க அவனுடைய சோற்றைக் குறைப்பது போன்றது.

தேய்ந்த பல் எப்படியிருக்கும் என்பதைக் களத்தில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபுறமும் ஒத்திருந்த பல் ஒருபுறம் குடைந்து, கொக்கி போல் வளைந்து நிற்கும். அந்நிலையில் சங்கிலி கீழ்ப்புறத்தில் விடுபட வேண்டிய இடத்தில் விடுபடாமல், பல்லோடு ஒட்டிக்கொண்டு மேலே இழுபட்டு, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறிவரும் சக்கரமாயின், தடித்த பல் தேய்ந்தவுடன் சங்கிலியைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் போய்விடும். எந்தக் கண்டுபிடிப்பால் இச்சக்கரம் சிறப்புப் பெற்றதோ, அந்தச் சிறப்பே முதலில் தேய்கிறது. பட்டறையிலிருந்து இருபது கிலோமீட்டர் அப்பால், மாலை மயங்கும் வேளையில் இது நேர்ந்தால், மிச்சப்பட்ட 8 விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. விலையைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிடுமாதலால் அதனை இங்கு விரிக்கவில்லை.

ஆற்றலை மிச்சப்படுத்த வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புபவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவருடன் பணியாற்றியவர்களும் சைக்கிள் சங்கிலியின் திறனை அளந்து, 2001-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். மிகச் சிறந்த நிலையில் திறன் 98.6 சதவீதம் வரை இருந்தது. அவர்கள் கண்ட ஒன்று நம் பொருளுக்கு நேராகப் பொருந்துவது: பற்சக்கரங்கள் பெரிதாக இருந்தால் இழப்புக் குறைவு, சிறிதாக இருந்தால் அதிகம். சிறிய சக்கரத்தைச் சுற்றும்போது ஒவ்வொரு கண்ணியும் அதிகமாக மடங்க வேண்டியிருப்பதால் இவ்வாறு ஆகிறது. முன்னால் சிறியதும் பின்னால் 10 பற்கள் கொண்டதுமாகப் பூட்டி எடையைக் குறைப்பவர், அந்த எடைக்கு உரிய ஆற்றலை உராய்வாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நம் அலுவலரின் மலையேற்றத்தில் சங்கிலித் தொடரின் திறன் ஒரே ஒரு சதவீதம் மாறினாலும் அது 8,000 ஜூலுக்கு மேல். இலேசான சக்கரம் தந்த 981 ஜூலைப் போல் எட்டு மடங்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்னால் ஒற்றை வளையம் வந்ததால், அதன் குறையை நிரப்பப் பின்னால் 50, 51 பற்கள் வரை விரிந்த பேரடுக்கு வேண்டியதாயிற்று. விலை குறைந்த தொகுதிகளில் இந்தப் பின்னடுக்கு பெரும்பாலும் எஃகால் ஆனது. அரைக் கிலோவுக்கு மேல் கனம். முன்வாயிலில் 100 கிராமை விரட்டிவிட்டுப் பின்வாயிலில் 500 கிராமை வரவேற்கிறோம். எடைதான் கவலை என்றால் கை வைக்க வேண்டிய இடம் அது. ஆயினும் கண்ணுக்கு முன்னால் மின்னும் முன்பற்சக்கரத்தையே மனம் நாடுகிறது.

பந்தய வீரர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1996-இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அத்தகைய போட்டிகளில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே சில விநாடிகளே இருப்பதுண்டு. வீரனுக்கு 8 விநாடி ஒரு பதக்கம். அவனுடைய சக்கரம் தேய்ந்தால் மாற்றிக் கொடுக்கக் குழுவினர் நிற்கிறார்கள். பந்தயம் முடியும் வரையில் அது நின்றால் போதும். மாதக் கடைசியில் சங்கிலிக்கு எண்ணெய் வாங்கவும் யோசிக்கும் ஒருவர், வீரனுக்காகச் செய்த பொருளை வீரனுடைய காரணத்துக்காக வாங்குவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அலுவலகங்களுக்குச் சைக்கிள் வாங்கும்போது தயாரிக்கும் விவரப் பட்டியலில் எடைக்கு ஒரு கட்டம் இருந்தால், பற்களின் உலோகத்துக்கும், தனியாகக் கிடைக்கக்கூடிய மாற்று உறுப்புகளுக்கும் அதே அளவு ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்துக்கு மலைச் சைக்கிள் தேவையில்லை. பள்ளி வாயிலில் நிற்கும் எந்தச் சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி, பின்டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, பெடலை மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு பற்களை எண்ணி வகுக்கச் சொல்லுங்கள். 48-ஐ 18-ஆல் வகுத்தால் 2.67, கோடு இரண்டு முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு பங்கும் சுற்றியிருக்கும். சங்கிலியின் எந்த இரண்டு அடுத்தடுத்த ஆணிகளுக்கும் இடையே உள்ள தூரம் அரை அங்குலம் என்பதையும் அளந்து பார்க்கட்டும். உள்ளூர்ச் சைக்கிளாயினும் கலிபோர்னியாவின் மலைச் சைக்கிளாயினும் அந்த அரை அங்குலம் மாறவில்லை.

அந்த அரை அங்குலத்தை வைத்துத்தான் கள அலுவலருக்கு முடிவில் விடை எழுதினேன். புதிய சக்கரம் வாங்கும் முன் ஓர் அடிக்கோலை எடுத்துச் சங்கிலியின் மேல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தைப் பொருத்தினால், 24 கண்ணிகளுக்கு அப்பால் உள்ள ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். ஆணிகள் தேயத் தேயச் சங்கிலி நீண்டதுபோல் ஆகும், தகடு நீள்வதில்லை. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் சங்கிலியை மட்டும் மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால், நீண்ட சங்கிலி பற்களையும் அரித்துவிட்டிருக்கும். என் கட்டுரையில் சேர்த்த தொடர் மூலத்தில் இல்லாதது என்பதையும் அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் இருந்ததாம். ஏற்றத்தில் வண்டி கனக்கிறது என்று அவர் நினைத்தது, தேய்ந்த பின்பற்களின் மேல் சங்கிலி வழுக்கியதாலாம். புதிய சங்கிலியும் பின்னடுக்கும் வாங்கியிருக்கிறார். முன்னால் இருந்த எஃகுச் சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அதையே மீண்டும் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தார்.